யாரும் தூக்க வேண்டாம்

மண்டபத் தலைவரே, நீங்கள் சொன்னது பொய். "நம்ம மண்டபத்துல இந்த மாதிரி பிள்ளைங்களுக்கு ஒரு பிரச்சினையும் இல்ல" என்று நகராண்மைக் கழக அதிகாரியின் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். அப்போது என் மகள் உங்கள் முதுகுக்குப் பின்னால் சக்கர நாற்காலியில் இருந்தாள். நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு முதலிலிருந்து சொல்கிறேன். எனக்குச் சொந்த ஊர் அருப்புக்கோட்டை. கல்யாணம் ஆகி மலேசியாவுக்கு, ஜொகூர் மாநிலத்தில் உலு திராமுக்கு வந்தேன். கணவர் குணா இங்கேயே பிறந்தவர். விடியும் முன்பே மோட்டார் சைக்கிளில் பாலம் கடந்து சிங்கப்பூர் தொழிற்சாலைக்குப் போய்விடுவார். மகள் தர்ஷினிக்குப் பதினொரு வயது. குறைமாதத்தில் பிறந்தவள், கால்கள் நடக்காது. வாய் மட்டும் நன்றாக நடக்கும். காலையில் அவளைத் தள்ளிக்கொண்டு முனையில் இருக்கும் பலகாரக் கடைக்குப் போவேன். கடைக்கார மலாய் அம்மா அவளைப் பார்த்து "கெசியான்" என்பார். பாவம் என்று பொருள். சொல்லிவிட்டு ஒரு பலகாரம் கூடுதலாக வைப்பார். எதுவும் கேட்கமாட்டார். எங்கள் ஊர் பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டுக்காரி, யார் செய்த பாவம், எந்தக் கோயிலுக்கு வேண்டினாய் என்று இறங்கும்வரை விசாரிப்பாள். இங்கே ஒருத்தரும் கேட்காதது எனக்கு முதலில் விநோதமாக இருந்தது. பிறகு நிம்மதியாக இருந்தது. அதன் பிறகுதான் கோபம் வந்தது. பாவம் பார்க்கிற ஊரில் பலகாரம் கிடைக்கிறது, மண்டபத்துக்குள் போக வழி கிடைக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி அறைக்கு வெளியேதான் மலாய்க்கார ரோஸ் அக்காவைப் பார்த்தேன். எல்லாரும் 'காக் ரோஸ்' என்பார்கள். அவருடைய மகன் இருபது வயது ஆண்பிள்ளை, இன்னும் சோறு ஊட்ட வேண்டும். இப்படிப்பட்ட பிள்ளைகளின் குடும்பங்கள் சேர்ந்து ஒரு கூட்டணி வைத்திருக்கிறோம், நீயும் வா என்றார். மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாம் இருந்தார்கள். பொந்தியானிலிருந்து, சிகாமட்டிலிருந்தெல்லாம் பிள்ளைகளைக் காரில் போட்டுக்கொண்டு வந்தார்கள். முதல் கூட்டத்திலேயே எங்கள் மண்டபத்தைப் பற்றிப் பேசினேன். பிறந்தநாள், டியூஷன், பொங்கல், தீபாவளி என்று இந்தத் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்பில், எது நடந்தாலும் அந்த மண்டபத்தில்தான். வாசலில் செங்குத்தாகப் படிகள். தர்ஷினியின் தோழிகள் எல்லாம் உள்ளே ஆடுவார்கள். இவள் வாசலில் செருப்புகளோடு இருப்பாள்.

என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். அருப்புக்கோட்டையில் தண்ணீர் வராவிட்டால் பெண்கள் காலிக் குடங்களோடு நடுரோட்டில் உட்காருவோம். பஸ் நிற்கும், டிரைவர் திட்டுவார், நாங்களும் திட்டுவோம், சாயங்காலத்துக்குள் அதிகாரி ஜீப்பில் வந்துவிடுவார். அது மாதிரி சக்கர நாற்காலிகளை ரோட்டில் வரிசையாக நிறுத்துவோம் என்றேன். ரோஸ் அக்கா என் கையைத் தட்டி, "கித்தா மாசாக் டுலு" என்றார். முதலில் சமைப்போம் என்கிறார்! இது என்ன கூட்டணி, சமையல் சங்கமா என்று வீட்டுக்கு வந்து கத்தினேன்.

குணா சிரித்தார். "ஒங்க ஊரு மாதிரி ரோட்ல உக்காந்துறாத தாயி. ஒனக்கு இருக்கிறது விசாதான். போலீஸ் வந்தா மொதல்ல ஒன்னத்தான் கேப்பான்."

அது உண்மைதான். மகளுக்கு இது சொந்த நாடு, எனக்கு முத்திரை குத்திய அனுமதி. அதனால் சமைத்தேன்.

இந்த ஊரில் பண்டிகைக்குத் 'திறந்த இல்லம்' என்று ஒன்று உண்டு. யாரும் வரலாம், சாப்பிடலாம். அழைத்தால் நகராண்மைக் கழக அதிகாரியும் வந்தே தீருவார், மறுப்பது மரியாதை இல்லை. ரோஸ் அக்காவின் திட்டம் இதில்தான் இருந்தது. தீபாவளித் திறந்த இல்லத்தை மண்டபத்தில் வைப்போம், சாப்பாடு உள்ளே இருக்கட்டும், நம் பிள்ளைகள் கீழே கார் நிறுத்துமிடத்தில் இருக்கட்டும். அதிகாரி வரும்போது படியையும் பிள்ளைகளையும் தன் கண்ணாலேயே பார்ப்பார், நாம் ஒரு வார்த்தை பேச வேண்டாம் என்றார். என் ஊர்ச் சாலை மறியலைவிட இது பொல்லாதது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

ஆனால் எங்கள் கோயில் பையன்களை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. தைப்பூசத்துக்குச் சாமி தூக்குகிற பையன்கள். நல்ல பிள்ளைகள். கீழே நாற்காலிகளில் பிள்ளைகள் காத்திருப்பதைப் பார்த்ததும் அவர்களுக்கு மனசு கேட்கவில்லை.

"அக்கா, நீங்க தள்ளிக்குங்க. சாமியத் தூக்குன தோளு லா இது!"

"வேணாம்பா, விடுங்க, காரணமாத்தான் இங்க நிக்கிறோம்."

"வெயில்ல என்னா காரணம்? டேய், அந்தப் பக்கம் புடி!"

நான் கத்தக் கத்த, "அரோகரா!" என்று ஒவ்வொரு நாற்காலியாகப் பிள்ளையோடு மேலே ஏற்றிவிட்டார்கள். சீனப் பிள்ளைகளுக்கு ஒரே குதூகலம், அவர்களும் "அரோகரா!" என்றார்கள். ரோஸ் அக்கா தலையில் கை வைத்துக்கொண்டார். பிறகு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஏற்றி முடித்த பையன்கள் காலி அண்டாக்களை லாரியில் போட்டுக்கொண்டு கோயிலுக்குப் போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு அதிகாரி வந்தார். பிள்ளைகள் எல்லாம் மண்டபத்துக்குள் முறுக்கு கடித்துக்கொண்டிருந்தார்கள். அப்போதுதான் தலைவர் அந்தப் பொய்யைச் சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டுத் தட்டில் பிரியாணி போட்டுக்கொண்டார். எங்கள் திட்டம் அங்கேயே செத்தது என்று நினைத்தேன்.

தர்ஷினி நாற்காலியைத் தானே உருட்டிக்கொண்டு அதிகாரியின் முன்னால் போய் நின்றாள். "என்சிக், சாயா நாக் துருன்" என்றாள். ஐயா, நான் கீழே இறங்க வேண்டும். கழிப்பறை மண்டபத்துக்கு வெளியே, பின்பக்கம் இருக்கிறது.

தலைவர் குனிந்து, "இரும்மா, பசங்களக் கூப்புடுறேன்" என்று போனை எடுத்தார். பையன்கள் அதற்குள் வெகுதூரம் போயிருந்தார்கள். "சரி வா, அங்கிள் தூக்குறேன்."

"வேணாம் அங்கிள். நான் பெரிய பிள்ள. யாரும் என்னத் தூக்க வேணாம்."

அதிகாரி தட்டைக் கீழே வைத்தார். மகளுக்கு அவசரம், கொள்கை பேச நேரமில்லை. நான் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். அவள் முகத்தை என் கழுத்தில் மறைத்துக்கொண்டாள். பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? அந்த அதிகாரிதான். பூ அச்சிட்ட புது பாத்தேக் சட்டை வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. நாங்கள் திரும்பி வரும்போது அவர் காரிலிருந்து அளவு நாடாவை எடுத்துப் படிக்குப் பக்கத்தில் அளந்துகொண்டிருந்தார். சாய்தளம் கட்ட இடம் இருக்கிறது, நகராண்மைக் கழகமே கட்டித் தரும், மண்டபக் குழு சம்மதித்தால் போதும் என்றார். "இந்தக் கல்லை மட்டும் நகர்த்த வேண்டும்."

அந்தக் கல் மண்டபத் திறப்பு விழாக் கல்வெட்டு. கறுப்புப் பளிங்கில் தங்க எழுத்து. குழுவினர் பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. முதல் பெயர் தலைவருடையது. அவர் கல்லைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "பாப்போம் லா" என்றார். அன்றிலிருந்து எப்போது கேட்டாலும் அதே பதில். கடைசியாக, "நீங்க ஊர்லேருந்து வந்தவங்கம்மா, இங்க எல்லாம் மெதுவாத்தான் நடக்கும்" என்றார்.

எனக்கு இப்போது வருத்தம் ஒன்றும் இல்லை. கூட்டணியில் சனிக்கிழமைதோறும் சமைக்கிறோம், சண்டை போடுகிறோம், பிள்ளைகள் சத்தம் போடுகிறார்கள். ரோஸ் அக்காவுக்கு நான் சாம்பார் கற்றுக்கொடுத்தேன், அவர் எனக்குப் பொறுமை கற்றுக்கொடுக்கப் பார்க்கிறார். கோயில் பையன்களும் வந்து மன்னிப்புக் கேட்டார்கள். கல்லை நகர்த்த ஆள் வேண்டுமென்றால் கூப்பிடச் சொன்னார்கள். இந்த நாட்டில் நான் தனியாக இல்லை.

இந்தக் கதையை அருப்புக்கோட்டைக்குப் போனில் என் தம்பியிடம் சொன்னேன். மறு வாரம் ஒரு படம் அனுப்பினான். வீட்டு வாசல் படியை உடைத்து, சிமெண்டில் சரிவு போட்டிருந்தான். எப்போதாவது லீவுக்கு வரும் மருமகளுக்காக. இப்போதைக்கு அதில் அவனுடைய ஸ்கூட்டர் ஏறி இறங்குகிறது. "யாரோட பாதை இது?" என்று தெருப் பிள்ளைகள் கேட்டால், "மலேசியாக்காரி வருவா" என்கிறானாம். அந்தப் படத்தைத் தர்ஷினி போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்கிறாள். அங்கே பாதை இருக்கிறது, அவள் இல்லை. இங்கே அவள் இருக்கிறாள், பாதை இல்லை.

தலைவரே, பொங்கல் விழா உங்கள் மண்டபத்தில்தான். நீங்கள்தான் தலைமை தாங்குவீர்கள். நான் என் மகளோடு கீழே, உங்கள் கல்வெட்டுக்குப் பக்கத்தில் நிற்பேன். அன்றைக்கு அவளை யாரும் தூக்கமாட்டார்கள், பையன்களிடம் சொல்லிவிட்டேன். மைக் உங்கள் கையில் இருக்கும், ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். "பாப்போம்" வேண்டாம். கல் நகருமா, நகராதா? மேடையில் நின்று, என் மகளின் காதில் விழும்படி சொல்லுங்கள்.