மாரெனின் கறுப்புச் சால்வை

ஓப்பராப் பாடகி எண்டால் தொண்டையாலை உழைக்கிற ஆள் எண்டு சனம் நினைக்குது. மெய்யாய்ச் சொன்னால், வேறை ஒருத்தியின்ரை துக்கத்தைப் பின்னேரம் உடுத்தி, இரவு கழட்டி வைச்சிட்டு வீட்டை வாற தொழில் இது.

ஓப்பரா எண்டால் என்னெண்டு கேக்கிற ஆக்களுக்கு, எங்கடை கூத்து மாதிரித்தான், கதை முழுக்கப் பாட்டிலைதான் போகும் எண்டு சொல்லுவன். இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்த கையோடை ஒஸ்லோவிலை பாடத் தொடங்கினன். அதுக்குப் பிறகு வந்த பத்து வருசத்திலையும் நான் ஆகக் கூடப் பாடினது ஒரே ஒருத்தியின்ரை வேசத்தைத்தான். அவளுக்குப் பேர் மாரென். வடக்கு நோர்வேயிலை ஒரு மீன்பிடிக்காரன்ரை பெண்சாதி. முதலாம் அங்கத்திலை புருசன் படகெடுத்துப் போவான். ரெண்டாம் அங்கத்திலை அவள் ஜன்னலிலை விளக்கை வைச்சுக்கொண்டு காத்திருப்பாள். மூண்டாம் அங்கத்திலை ஊர் திரண்டு வந்து, தேவாலய மணியும் அடிச்சு, அவன் இனி வரமாட்டான் எண்டு சொல்லுவினம். அவள் கறுப்புச் சால்வையைப் போர்த்துக்கொண்டு ஒரு நீளப் பாட்டுப் பாடுவாள். திரை விழும்.

என்ரை அப்பாவும் படகிலை போனவர்தான். எங்களைக் கொழும்பிலை விட்டிட்டு, வீடு வளவைப் பார்த்திட்டு வாறன் எண்டு யாழ்ப்பாணம் போக வெளிக்கிட்டவர். சண்டையாலை தரைப்பாதை பூட்டின காலம், கிளாலிக் கடலிலை படகேறினதைக் கண்ட ஆக்கள் இருக்கினம். இறங்கினதைக் கண்ட ஆக்கள் இல்லை. பிறகு அம்மாவும் நானும் நோர்வேக்கு வந்து சேர்ந்தம். அம்மா குங்குமத்தையும் அழிக்கேல்லை, தாலியையும் கழட்டேல்லை. "அப்பா வருவார்" எண்டதை, நாளைக்குப் பால் வாங்க வேணும் எண்ட மாதிரிச் சொல்லுவா.

அப்பிடிப்பட்ட மனுசியின்ரை மகளுக்கு வாய்ச்ச வேசத்தைப் பாருங்கோ. ஒஸ்லோவிலை மாரென் எண்டால் என்னைத்தான் கூப்பிடுவினம். அம்மா ஒரு நாளும் வந்து பார்க்கேல்லை. அவ ஒருக்கால் வந்து பார்த்தாப் போதும் எண்டுதான் எனக்கு அந்தப் பத்து வருசமும் ஆசை. வீட்டிலை தொழிலை விளங்கப்படுத்தேலாமல் திண்டாடுற என்னை மாதிரி ஆக்களே, நீங்கள் வாசியுங்கோ.

கீழ்வீட்டுக்காரர்

நாங்கள் ஒஸ்லோவிலை ரொம்சோஸ் பக்கம் ஒரு அடுக்குமாடிப் புளொக்கிலை இருந்தம். மேல்வீட்டிலை ஆள் தும்மினால் கீழ்வீட்டிலை கேக்கும். நான் ஹோலிலை நிண்டு நோர்வேஜிய மொழியிலை பாடிப் பழகுவன். அம்மா ஒரேயொரு சட்டம் வைச்சிருந்தா. முதலாம் அங்கம் பாடலாம், ரெண்டாம் அங்கம் பாடலாம், மூண்டாம் அங்கம் வீட்டிலை பாடக்கூடாது. "சாமிக்கு விளக்கு எரியிற வீடு பிள்ளை, உந்தப் பாட்டு இஞ்சை வேண்டாம்" எண்டிட்டா. அதைப் பழகிறதெண்டால் நான் நேரத்தோடையே தியேட்டருக்குப் போய், ஒரு சின்ன அறையிலை கதவைப் பூட்டிக்கொண்டு பாட வேணும்.

கீழ்வீட்டிலை ஆர்னெ எண்டொரு கிழவர் தனிய இருந்தவர். முந்தி டிராம் ஓட்டினவர். ஒருநாள் வந்து கதவைத் தட்டினார். சரி, சத்தம் எண்டு சண்டை பிடிக்கப் போறார் எண்டு நினைச்சு, அவர் வாய் திறக்க முதலே நான் மன்னிப்புக் கேட்டன். மனுசன் தொப்பியைக் கழட்டிக் கையிலை பிடிச்சார். அம்மா அடுப்படியிலை இருந்து எட்டிப் பார்த்து, சூட்டோடை ரெண்டு வடையைக் கொண்டுவந்து நீட்டினா. அதை வாங்கிக்கொண்டு, என்னைப் பார்த்துச் சொன்னார்:

"தியேட்டருக்கெல்லாம் நான் வாற ஆள் இல்லை. மூண்டாம் அங்கத்தை வீட்டிலை எப்ப பாடுவீங்கள்? அந்த மனுசன் வந்து சேர்ந்தானோ இல்லையோ எண்டு தெரியாமல் எனக்கு ஒரே யோசினையாக் கிடக்கு."

கண்ணாடியிலை ஒரு பொட்டு

எனக்கு அலங்காரமும் உடுப்பும் பார்க்கிறது பெரித். வாயிலை ஊசியை வைச்சுக்கொண்டே கதைக்கிற மனுசி. முதல் நாளே என்ரை நெற்றிப் பொட்டைக் கண்டிட்டு, கழட்ட வேணும் எண்டா. கழட்டத்தானே வேணும், நோர்வே மீன்பிடிக்காரன்ரை பெண்சாதிக்கு ஏது பொட்டு? ஆனால் அம்மாவுக்கு அது சும்மா விசயம் இல்லை. நான் மேடைக்குப் பொட்டைக் கழட்டிக் கறுப்பைப் போர்த்தால், அங்கை எங்கையோ இருக்கிற அப்பாவுக்கு அது பலிச்சிடும் எண்டு அவவுக்கு ஒரு பயம். அதாலை ஒரு கட்டளை. பாடி முடிஞ்ச உடனை, தண்ணி குடிக்க முதல், பொட்டைத் திருப்பி வைக்க வேணும். நான் வீட்டுக் கதவைத் திறந்தால் சாப்பிட்டியோ எண்டு கேக்கமாட்டா. முதல் பார்வை நெற்றிக்குத்தான்.

இதைப் பெரித்துக்குச் சொல்ல எனக்கு வெக்கமாய் இருந்தது. சொன்னன். சிரிப்பா எண்டு பார்த்தால் சிரிக்கேல்லை. பொட்டை மெல்லக் கழட்டிக் கண்ணாடியின்ரை மேல் மூலையிலை ஒட்டினா. அண்டையிலை இருந்து அதுதான் அதின்ரை இடம். ஒருநாள் கூட்டித் துடைக்கிற பெடியன் அதை ஊத்தை எண்டு நினைச்சுச் சுரண்டப் போனான். பெரித் ஓடிவந்து அவன்ரை கையைப் பிடிச்சா:

"அதிலை கை வைக்காதை! சால்வைக்குத்தான் நான் பொறுப்பு. அந்தப் பொட்டுக்கு ஒரு அம்மா வீட்டிலை முழிச்சிருக்கிறா."

ஸ்தவாங்கரிலை ஒரு கேள்வி

ஒரு முறை மாரெனைக் கொண்டு மேற்குக் கரையிலை இருக்கிற ஸ்தவாங்கர் பட்டணத்துக்குப் போனம். பாடி முடிஞ்சு வெளியிலை வர, பின்கதவடியிலை ஒரு தமிழ்ச் சோடி நிண்டது. எண்ணெய்க் கம்பனியிலை வேலை செய்யிற எஞ்சினியரும் மனுசியும். மதுரைப் பக்கம். சுவரொட்டியிலை தமிழ்ப் பேரைக் கண்டிட்டு வந்தவை. "நீங்க ஸ்ரீலங்காவா? உங்க தமிழ் கேக்க ரொம்ப நல்லா இருக்கு" எண்டு எஞ்சினியரின்ரை மனுசி என்ரை கையைப் பிடிச்சா. மெய்யாய்ச் சந்தோசமாய் இருந்தது. என்னைப் பார்க்க எங்கடை ஆக்கள் வாறது அருமை.

எஞ்சினியர் ஏதோ யோசிச்சுக்கொண்டு நிண்டார். சரி, தலை கால் விளங்கேல்லைப் போலை எண்டு நினைச்சு, கதையைச் சொல்லட்டோ எண்டு கேட்டன். கதை விளங்கினது எண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார். ஒஸ்லோவுக்கு ரயிலிலை வரேக்கையும் அதுதான் மண்டைக்குள்ளை ஓடினது. இத்தனை இயக்குநர்மாரோடை வேலை செய்தன், ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை. அவர் கேட்டது இதுதான்:

"மேடம், உங்க வாய்ஸ் சூப்பர், ஆனா ஒரே ஒரு டவுட்டு. டெட் பாடி கிடைக்கல, பார்த்தவன்னு ஒருத்தனும் இல்ல, அப்புறம் எதை நம்பி அந்தம்மா கறுப்பு போட்டுக்கிறாங்க?"

செத்தவீட்டுச் சாப்பாடு

ஒருக்கால் என்ரை படம், ரயில் நிலையங்களிலை சும்மா குடுக்கிற ஒரு பேப்பரிலை அரைப் பக்கத்துக்கு வந்தது. கறுப்புச் சால்வை, பாழ் நெற்றி, கண் நிறையத் தண்ணி. எனக்குப் புளுகமும் சந்தோசமும் எண்டால் சொல்லேலாது. பத்துப் பேப்பர் அள்ளிக்கொண்டு வந்தன். அம்மாவுக்குக் காட்டேல்லை.

ஒஸ்லோவிலையே ட்வெய்ட்டாப் பக்கம் இருந்த, அம்மாவுக்குத் தெரிஞ்ச சரோ அன்ரி அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறா. எழுதியிருந்ததை ஆர் வாசிச்சது? தேப்பனைப் பற்றித் தகவல் வந்திட்டுது, பிள்ளை கறுப்புடுத்தி நிக்குது, அதுதான் பேப்பரிலை போட்டிருக்கு எண்டு அவவும் கூட்டாளிமாரும் முடிவு கட்டிட்டினம். சனிக்கிழமை மத்தியானம் கதவு மணி அடிச்சுது. கதவைத் திறந்தால், நாலைஞ்சு பொம்பிளையள், வெளிறின சீலையோடை, சோறு கறிச் சட்டியளோடை. செத்தவீட்டிலை அடுப்பு மூட்டக்கூடாதெண்டு சமைச்சுக் கொண்டு வந்திருக்கினம். எனக்குப் பின்னாலை அம்மா வந்தா, வட்டக் குங்குமத்தோடை. சரோ அன்ரி அதைக் கவனிக்கேல்லை. "ஐயோ என்ரை ராசாத்தி" எண்டு கத்திக்கொண்டு அம்மாவைக் கட்டிப்பிடிச்சா.

எனக்கு நிலம் பிளந்து உள்ளை போகலாம் போலை இருந்தது. ஆறுதலுக்கு வந்த சனம், பாவம், அதுகளைக் கோவிக்கவும் ஏலாது. அம்மா சரோ அன்ரியின்ரை கையை மெல்ல எடுத்துவிட்டா. அவ கொண்டுவந்த பேப்பரை வாங்கிப் படத்தைப் பார்த்தா. நான் சால்வையோடை நிக்கிறதை அண்டைக்குத்தான் முதன்முதல் பார்க்கிறா. பார்த்திட்டு மடிச்சுச் சரோ அன்ரியிட்டையே குடுத்தா.

"உது அவளின்ரை வேலை. என்ரை மனுசனுக்கு ஒண்டும் நடக்கேல்லை. சட்டியளை உள்ளை கொண்டுவாங்கோ, எல்லாரும் இருந்து சாப்பிடுவம்."

கடலோரத்து வெள்ளை வீடு

அந்தச் சாப்பாட்டுக்குப் பிறகு மாரெனைக் கைவிடுவம் எண்டு யோசிச்சன். ஆனால் விடேலாமல் இழுபட்டுக்கொண்டே வந்தன். அதுக்கிடையிலை ஓப்பரா, துறைமுகத்தடியிலை கட்டின புது வெள்ளைக் கட்டடத்துக்கு மாறிப் போச்சுது. அங்கையும் ஒருக்கால் மாரென் போட்டினம். இதுதான் கடைசி, இனிப் பாடமாட்டன் எண்டு அம்மாவுக்குச் சொன்னன். "உன்ரை விருப்பம்" எண்டா.

அப்ப ஆர்னெக்குக் கால் ஏலாது, சக்கரக் கதிரைதான். அம்மா முதியோர் இல்லத்திலை வேலை செய்தவ, அதாலை அவருக்குச் சாப்பாடு குடுக்கிறது, மாத்திரை எடுத்துக் குடுக்கிறது எல்லாம் அவதான். கடைசி எண்டு கேள்விப்பட்டிட்டு மனுசன், தியேட்டருக்கு வாற ஆள் இல்லை எண்ட அதே மனுசன், முடிவு தெரியாமல் கண்ணை மூடமாட்டன் எண்டு, தன்னைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லி அம்மாவிட்டைக் கேட்டிருக்கிறார். அம்மா வந்து என்னட்டைச் சொன்னா: "ரெண்டு இடம் எடு. நான் பார்க்க வரேல்லை. அந்த மனுசனைத் தள்ளிக்கொண்டு வாறன்."

மேடையிலை நிண்டால் வெளிச்சத்துக்கு அங்காலை ஒண்டும் தெரியாது. ஆனால் அம்மா அதுக்குள்ளை இருக்கிறா எண்டு தெரியும். மணி அடிச்சுது. சால்வையை எடுத்த கை எழும்பேல்லை. இசை எனக்காகக் காத்துக்கொண்டு நிண்டது. அப்பா இல்லை எண்டு எனக்குக் கன காலமாய்த் தெரியும். அதை வீட்டிலை சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை, மேடையிலை மட்டும் பாடிக்கொண்டு திரிஞ்சன். அண்டைக்கு அதைப் பெத்த தாய்க்கு முன்னாலை பாட வேணும். சால்வையைப் போர்த்தன். பாடினன். அழுதுகொண்டுதான் பாடினன், ஆனால் குரல் உடையேல்லை.

முடிஞ்சு உடுப்பு மாத்திற அறையிலை இருக்க, பெரித் கதவைத் திறந்துவிட்டா. அம்மா ஆர்னெயைத் தள்ளிக்கொண்டு வந்தா. நேரை கண்ணாடியடிக்குப் போய், மூலையிலை இருந்த பொட்டை எடுத்து என்ரை நெற்றியிலை ஒட்டி, பெருவிரலாலை அழுத்தினா. நல்லாப் பாடினாய் எண்டும் சொல்லேல்லை, பாடியிருக்கக்கூடாது எண்டும் சொல்லேல்லை. ஆர்னெ கண்ணைத் துடைச்சுக்கொண்டு, "இவ்வளவு காலமும் அவன் வந்து சேர்ந்திருப்பான் எண்டெல்லோ நினைச்சிருந்தனான்" எண்டார். "அவள் ஏன் அதை நம்பினவள்?" எண்டும் கேட்டார். ஸ்தவாங்கர் எஞ்சினியர் கேட்ட அதே கேள்வி. நான் வாயைத் திறக்க முதல், அம்மா தன்ரை உடைஞ்ச நோர்வேஜிய மொழியிலை, ஒவ்வொரு சொல்லாய் எடுத்து அவருக்குச் சொன்னா:

"அவளுக்கு ஊர் வந்து சொன்னது, மணியும் அடிச்சது. எனக்கு இன்னும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை."

இப்பவும் ஆரும் என்ரை தொழிலைப் பற்றிக் கேட்டால், கடலிலை போன புருசனை ஒரு பின்னேரத்துக்குள்ளையே காத்து, இழந்து, துக்கமும் முடிச்சுக் கடைசி ரயிலைப் பிடிக்கிற வேலை அது எண்டும், அந்த ரயில் வந்து சேருற வீட்டிலை அம்மா இன்னும் ரெண்டாம் அங்கத்திலைதான் விளக்கோடை நிக்கிறா எண்டும் சொல்லுவன்.