ஹோர்சன்ஸில் விரித்த பதினான்கு மீற்றர் பாதை

போன வருடத்துக்கு முந்தின வருடம், ஒக்டோபர் மாதத்துச் சனிக்கிழமை ஒன்று. டென்மார்க்கின் ஹோர்சன்ஸ் நகரில், எங்கள் தமிழ்ப் பள்ளி நடக்கும் உடற்பயிற்சி மண்டபம். வெளியே மழை கொட்டுகிறது. உள்ளே நான் பொய் சொல்லி மாட்டுப்பட்டு நிற்கிறேன். இப்போது நினைத்தாலும் படபடப்பும் சிரிப்பும் ஒன்றாக வரும்.

தொடக்கத்திலிருந்தே சொல்கிறேன். தொழிற்சாலையில் பெட்டி அடுக்கும் வேலையில் எனக்குப் பக்கத்தில் நிற்பவள், சீனாவின் தென்மேற்கு மலைப்பக்கத்துப் பெண். நாஷி என்ற சிறிய இனத்தைச் சேர்ந்தவள். எங்கள் இருவருக்கும் பொது மொழி டெனிஷ்தான். அதையும் ஆளுக்கொரு விதமாக உடைத்துத்தான் கதைப்போம். அவளுடைய தாய் மூன்று வருடமாக அவளோடு வந்து இருந்தவர், அந்தக் கோடையில் இங்கேயே இறந்துபோனார். தகனமெல்லாம் முடிந்த பிறகும் அவள் முகம் தெளியவில்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன். அம்மா இன்னும் தன் வீட்டுக் குசினி அடுப்படியில்தான் நிற்கிறா, போக வழி தெரியாமல் நிற்கிறா என்று சொன்னாள்.

அவர்களுடைய நம்பிக்கை இது. இறந்தவருக்கு வழி காட்ட ஒரு நீண்ட சுருள் படம் உண்டு. அடியில் நரகம், நடுவில் மனித உலகம், உச்சியில் தெய்வங்கள். தலைப்பக்கம் வடகிழக்கைப் பார்க்கும்படி அதைத் தரையில் விரிக்க வேண்டும். பூசகர் மந்திரம் சொல்லச் சொல்ல, இறந்தவரின் சிறிய உருவத்தை அதன்மேல் அடியிலிருந்து உச்சிவரை நகர்த்திக்கொண்டு போக வேண்டும். அவளுடைய மாமா ஊரில் பூசகர். படத்தைத் தானே வரைந்து அனுப்பிவிட்டார், மந்திரத்தை வீடியோ அழைப்பில் சொல்வதாகவும் நாள் குறித்துவிட்டார். ஆனால் படம் பதினான்கு மீற்றர் நீளம், அவளுடைய வீட்டுக் கூடம் ஆறு மீற்றர்.

எனக்குத்தான் வாய் சும்மா இருக்காதே! "நான் இடம் தாறன்" என்றுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வேலை முடிய மண்டபத்துக்கு ஓடினேன். நீளப்பக்கமாக விரித்தால் திசை சரிவரவில்லை. கைபேசியில் திசைகாட்டியைப் போட்டுக்கொண்டு, மதுபோதையில் நடப்பவள்போல் அங்குமிங்கும் நடந்தேன். கடைசியில் கண்டுபிடித்தேன்! வாசல் மூலையிலிருந்து எதிர் மூலைக்குக் குறுக்காக விரித்தால் வடகிழக்கு அப்படியே வரும், நீளமும் போதும். வடகிழக்கு என்றால் எங்கள் ஈசான மூலை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது.

அதற்குப் பிறகுதான் உறைத்தது. அடுத்த கிழமை அதே மண்டபத்தில் சரஸ்வதி பூசை, வாணி விழா. பள்ளிப் பொறுப்பாளர் அண்ணை மகா கண்டிப்பானவர், பஸ் ஓட்டுநர், ஒரு நிமிடம் பிந்தி வந்தாலும் முகத்துக்கு நேரே கேட்பார். இழவுக் காரியம் என்று சொன்னால் துடக்கு, தீட்டு என்று மறுத்துவிடுவார் என்று நானே முடிவு கட்டினேன். "என்னோட வேலை செய்யிற பிள்ளை பெரிய படம் ஒண்டு கொண்டு வாறா அண்ணை. வகுப்பு முடிய விரிச்சுப் பாத்திட்டுச் சுருட்டிடுவம்" என்று அவிழ்த்துவிட்டேன்.

அவருக்கோ ஒரே சந்தோஷம். பெற்றோர் எல்லாருக்கும் "படக் கண்காட்சி, கட்டாயம் வாங்கோ" என்று செய்தி அனுப்பிவிட்டார். சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தால் நாற்பது பேர்! வடை என்ன, தேத்தண்ணி என்ன, படம் பிடிக்க ஒருவர் முக்காலியோடு வேறு நிற்கிறார்.

அப்போதுதான் கதவு திறந்தது. அவள் கறுப்பு உடுப்போடு, தாயின் படத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தோளில் நீண்ட குழாயோடு நின்றாள். "ஆர் இந்த ஆக்கள்?" என்று டெனிஷில் கேட்டாள். அவளை ஓரமாக இழுத்தேன். திரும்பிப் போகவும் ஏலாது. அங்கே மாமா காலையிலிருந்து சாப்பிடாமல் கைபேசிக்கு முன்னால் மணியோடு காத்திருக்கிறார். இந்த நாள் தவறினால் இனி எந்த நாள் என்று அவளுக்கே தெரியாது.

முதலில் அவளிடம் உள்ளதைச் சொன்னேன். பிறகு அண்ணையிடம் போனேன். அழுகையும் வார்த்தையும் ஒன்றாக வந்தன. அவர் குனிந்து தாயின் படத்தைப் பார்த்தார்.

"இஞ்சையோ தாய் காலமானவ?"

"ஓம் அண்ணை."

"இவவுக்கு இஞ்ச சொந்தக்காரர் ஆர் இருக்கினம்?"

"ஒருத்தரும் இல்லை."

விறுக்கென்று திரும்பினார். போச்சு, இரண்டு பேரையும் வெளியே அனுப்பப்போகிறார் என்று நினைத்தேன். அவர் கையைத் தட்டி, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்: "எல்லாரும் சப்பாத்தைக் கழட்டுங்கோ. வடையை மூடி வையுங்கோ. செத்தவீடு."

படத்தை விரித்தோம். ஒரு முழ அகலத் துணிதான், ஆனால் என்ன நிறங்கள்! நரகத்துப் பூதங்கள், கொப்பரைகள், ஒரு பாலம், பிறகு மனிதர்கள், தாமரைகள். உச்சியில் முப்பத்து மூன்று தலையோடு வெள்ளை யானை ஒன்று. "ஐயோ, எங்கட ஐராவதமெல்லோ!" என்று யாரோ கத்த, எல்லாரும் அங்கே ஓடினார்கள். விட்ட கையோடு துணி சர்ரென்று சுருண்டுகொண்டது. குழாயில் இறுகிக் கிடந்த துணி, எப்படி நேராகக் கிடக்கும்? கைபேசியில் மாமா மணியை நிறுத்திவிட்டார். பாதை சுருண்டால் போனவ திரும்பி வந்துவிடுவா என்றார்.

அண்ணைதான் முதலில் முழந்தாளிட்டு இருந்து விளிம்பை அமர்த்தினார். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பாதையின் இரண்டு பக்கமும் எல்லாரும் இருந்துவிட்டார்கள். நாற்பது சோடிக் கைகள்! நரகப் பக்கம் போக ஒருவரும் விரும்பாததால் அங்கே நான் இருந்தேன். என் கைக்குக் கீழே ஒருத்தியின் நாக்கை வெளியே இழுத்து விரித்து, அதில் மாடு பூட்டி உழுகிறார்கள். இது யார் என்று கேட்டேன். "பொய் சொன்னவள்" என்றாள் அவள். உள்ளங்கையால் அந்த நாக்கை மூடிக்கொண்டேன்.

மணி மறுபடி ஒலித்தது. தாயின் பழைய சட்டையில் தைத்த விரல் நீளப் பொம்மையை அவள் அடியில் வைத்தாள். அப்போது மாமா ஏதோ கேட்டார். அவள் விழித்தாள். அம்மா அங்கேயிருந்து எந்தெந்த ஊரைக் கடந்து வடகிழக்கே போவா, ஊர்களின் பெயரைச் சொல்லிச் சொல்லித்தான் கூட்டிப் போகவேணும் என்று கேட்கிறாராம். பாவம், அவளுக்கு வீடும் வேலையும் கடையும்தான் தெரியும்.

"சோவின்ட்!" என்றார் அண்ணை.

திகைத்துப் பார்த்தோம். "என்ன பாக்கிறியள்? நான் ஓட்டுற பாதையெல்லோ! ஹோர்சன்ஸ், சோவின்ட், ஓர்ட்டிங், ஒடர்!" அவர் சொல்ல, அங்கே மலைநாட்டில் மாமா அந்தப் பெயர்களைத் தன் ராகத்தில் பாடினார். பொம்மை நரகத்தைத் தாண்டி நகர்ந்தது. எங்களுக்கு உற்சாகம் பிடித்துவிட்டது. "ஓகூஸ்!" என்றது ஒரு குரல். "கிரெனோ!" என்றது இன்னொன்று. பொம்மை பாலத்தில் ஏறியது. "அதுக்கு அங்கால கடல், பஸ் போகாது" என்று அண்ணை கவலைப்பட்டார். அவள் அதை மொழிபெயர்க்க, மாமா முதன்முறையாகச் சிரித்தார். கடலுக்கு அங்கால் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

பொம்மை யானையிடம் போய்ச் சேர்ந்தது. அவள் படத்தின் உச்சியில் குனிந்து ஓவென்று அழுதாள். இரண்டு மாதமாக அவள் அழுது நான் பார்த்ததில்லை. எங்கள் பெண்கள் விடுவார்களா? சுற்றி இருந்து கட்டிப் பிடித்து, அவளைவிடப் பெரிதாக அழுதார்கள். பிறகு எல்லாருமாக வடை சாப்பிட்டோம். அவள் நான்கு வடை சாப்பிட்டாள்.

கதவைப் பூட்டும்போது அண்ணை என்னைப் பிடித்துக்கொண்டார். பொய் சொன்னதற்கு நல்ல வாங்கு வாங்கப்போகிறார் என்று தலையைக் குனிந்தேன்.

"உனக்கு அறிவில்லையோ பிள்ளை? செத்தவீடெண்டு முதலே சொல்லியிருந்தா இன்னும் எவ்வளவு சனம் வந்திருக்கும்!"

திங்கட்கிழமை வேலையில் அவள் என் காதோடு சொன்னாள், குசினியில் இப்போது ஒருவரும் இல்லையாம். இன்றைக்கும் ஒடருக்குப் போகும் பஸ்ஸைக் கண்டால் நான் நின்று பார்ப்பேன். என் சனத்தின் மனதை அவர்களிடம் கேட்காமலே சிறிதாக அளந்துவைத்திருந்தேனே என்ற வெட்கமும், உயிரோடு ஒருநாளும் பார்த்திராத ஓர் அம்மாவுக்கு அவர்கள் உரத்த குரலில் வழி சொன்ன அந்தச் சந்தோஷமும் அப்போது ஒன்றாகவே வரும்.