இஸ்திரி போட்ட நாரை

இஸ்திரிப் பெட்டியின் அடியில் ஒரு துளித் தண்ணீரைச் சுண்டிவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்கிறார் நிர்மலாதேவி. 'சுர்ர்' என்று இழுத்தால் பருத்திக்கு. 'சுர்' என்று அடங்கினால் பட்டுக்கு. ஓசை எழாமல் துளி அப்படியே உட்கார்ந்து மெதுவாக வற்றினால்தான் சீட்டுக்கு. மேசையில் ஒரு சீட்டை வைத்து, மேலே ஈரம் பிழிந்த மல் துணியை விரித்து, பெட்டியை ஒருமுறை போய்வர விடுகிறார். பிறகு சீட்டைக் கையில் எடுத்து, ரவிக்கைப் பட்டியின் தையல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு அதன் விளிம்பைப் பார்க்கிறார். "நிமுந்துட்டு" என்கிறார், உதட்டில் கடித்திருக்கும் குண்டூசிக்குப் பக்கத்திலிருந்து.

இது ரம்மி ஆடுகிற சீட்டு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு படம் இருக்கும்: வீரன், பூதம், பறவை, மின்னல். அதன் பலமும் உயிரும் எண்களாகவும், அது செய்யும் வேலை ஆங்கிலத்திலும் கீழே அச்சாகியிருக்கும். இருவர் எதிரெதிரே உட்கார்ந்து, கையிலுள்ள சீட்டுகளை மாறி மாறி இறக்கி, ஒருவர் உயிரை மற்றவர் குறைக்க வேண்டும். ஆளுக்கு இருபது உயிர். நிர்மலாதேவியின் கடையில் உயிருக்குப் பதில் ரவிக்கை ஹூக்குகளை ஆளுக்கொரு தட்டில் போட்டு வைக்கிறார்கள். அடி விழுந்தால் ஹூக்கு டப்பாவுக்குத் திரும்பிப் போய்விடும்.

சீட்டின் ஓரத்தில் ஒரு சின்ன முத்திரை உண்டு. தங்க நிறமென்றால் அரிய சீட்டு, வெள்ளியென்றால் அதற்கு அடுத்தபடி. கறுப்பென்றால் எந்தப் பாக்கெட்டைப் பிரித்தாலும் விழுகிற சாதாரணச் சீட்டு. பெரிய நகரங்களில் நல்லதொரு தங்கச் சீட்டுக்கு ஒரு மாதச் சம்பளத்தைத் தூக்கிக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்களாம். இங்கே கறுப்பு மட்டும்தான் செல்லும். ஏன் என்று கேட்டால் தையற்காரியாகவே பதில் சொல்வார். "ஜரிகை வச்சுத் தச்சா எந்தச் சட்டையும் மினுங்கத்தான் செய்யும். வெறுந்துணியில வெட்டு நல்லா விழணும்லா."

சங்கரன்கோவிலில் தெற்கு ரத வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு சந்தில் இருக்கிறது கடை. பின்சுவருக்கு அப்பால் விசைத்தறிகள். புதிதாக வருகிறவர்கள் அந்தச் சத்தத்தில் கத்திப் பேசுவார்கள். நிர்மலாதேவி குரலை உயர்த்துவதே கிடையாது. அவர் பேசுவதைக் கேட்க நாம்தான் குனிய வேண்டும். நாற்பதை ஒட்டிய வயது. மெலிந்த உடம்பு. கழுத்தில் எப்போதும் அளவு நாடா. ஒருமுறை கோயிலிலும் அதோடு நின்றதைப் பார்த்திருக்கிறேன். ரவிக்கை அளவு எடுக்கும்போது பெண்கள் வயிற்றை எக்கிக்கொண்டால் "மூச்சை விடுங்க, சட்டைக்குள்ள இருந்து நீங்கதான மூச்சு விடணும்" என்பார். மாலையில் வெட்டிய துணிகளைச் சுருட்டி வைத்தபின் அந்த வெட்டு மேசையே ஆட்ட மேசை.

அவருக்கே தெரியாத ஒரு பழக்கம் உண்டு. ஆட்டத்தின்போது உதட்டில் ஒரு குண்டூசி இருந்துகொண்டே இருக்கும். கையில் பெரிய சீட்டு வந்துவிட்டால் அதை எடுத்து, மணிக்கட்டில் கட்டியிருக்கும் பஞ்சு மெத்தையில் குத்திவிடுவார். அதைப் பார்த்ததும் எதிராளியின் முகம் வாடும். ஊசியைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிக்கிறோம் என்பதை இதுவரை ஒருவரும் அவரிடம் சொன்னதில்லை.

சீட்டுகள் வந்த கதை எளியது. தம்பி விஜயராஜ் கோயம்புத்தூரில் கல்லூரி விடுதியில் இருந்தபோது சேர்த்தவை. பெங்களூரில் வேலை கிடைத்ததும் தங்கத்தையும் வெள்ளியையும் பொறுக்கி எடுத்துக்கொண்டு, மிச்சத்தை ஒரு செருப்புப் பெட்டியில் திணித்துப் பரணில் போட்டுவிட்டுப் போனான். அந்த ஐப்பசி மழையில் கூரை ஒழுகி, பெட்டி ஊறிவிட்டது. போனில் கேட்டதற்கு, எல்லாம் வெறும் காமன் சீட்டு, தூரப் போட்டுவிடு என்றான். நனைந்த துணியைத் தூரப் போட்டுப் பழக்கமில்லாத நிர்மலாதேவி, பெட்டியைக் கடைக்குக் கொண்டுவந்து ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டார். சீட்டுக்கு எவ்வளவு சூடு என்று அப்போது தெரியாததால் முதலில் போட்டவை பட்டுத் துணியின் சூட்டை வாங்கிக்கொண்டன. போடும்போது படங்களைப் பார்த்தார். "ஒண்ணொண்ணுக்கும் ஒரு மூஞ்சி இருந்துச்சு. மூஞ்சியைப் பாத்தபொறவு எப்படித் தூரப் போட?"

சேலை வரும் பிளாஸ்டிக் உறைகளை வெட்டி, ஓரத்தைச் சூட்டில் ஒட்டி, ஒவ்வொரு சீட்டுக்கும் சட்டை தைத்தார். ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த என்னிடம் சீட்டிலுள்ள ஆங்கிலத்தைப் படித்துச் சொல்லச் சொன்னார். நான் சொன்னது அவருக்கு ஒருமுறை போதும், மறுபடி கேட்டதில்லை. ஆனால் சீட்டுகளின் பெயரை மட்டும் அவர் ஏற்கவில்லை. நீளக் கோட்டு போட்டு ஈட்டியோடு நிற்கும் வீரன் அவருக்கு 'செக்கர்', பேருந்தில் டிக்கெட் பரிசோதிக்க ஏறுகிறவரின் சாயல் இருப்பதால். கையில் மின்னலோடு கம்பத்தில் நிற்கும் மந்திரவாதி 'ஈபிக்காரர்'. இப்போது அந்தக் கடையில் யாருக்கும் உண்மைப் பெயர்கள் நினைவில்லை.

ஆட வருகிறவர்கள் இருவர். ஒருவர் மருதப்பன், கரிவலம்வந்தநல்லூருக்கு மினிபஸ் ஓட்டுகிறவர். கடைசி நடை முடிந்ததும் வண்டியைச் சந்து முனையில் நிறுத்திவிட்டு வருவார். மற்றவர் ஆதம், ரத வீதியில் செல்போன் பழுது பார்ப்பவர். எங்கிருந்தோ கறுப்புச் சீட்டுகளை மொத்தமாக வரவழைத்து மூவருக்கும் பங்கு வைப்பது அவர்தான். ஒருமுறை ஒரு வெள்ளிச் சீட்டைக் கட்டுக்குள் செருகிக்கொண்டு வந்து மாட்டினார். அன்று முழுக்க அவர் ஆடக்கூடாது, ரவிக்கைகளுக்கு ஹூக்கு தைக்க வேண்டும் என்பது நிர்மலாதேவியின் தீர்ப்பு. ஆதம் தைத்த ஹூக்குகள் இன்னும் அறுந்து விழவில்லை என்பது வேறு விஷயம்.

வருடத்துக்கு ஒரு பெரிய ஆட்டம் உண்டு, கோயிலின் ஆடித்தபசுத் திருவிழாவுக்கு மறுநாள். தபசுக்கு முன்னால் ஊரே புது ரவிக்கை கேட்டு நிற்கும். நிர்மலாதேவிக்குச் சாப்பிட நேரமிருக்காது. மறுநாள் கடையில் வெட்டுத் துணிகளைத் தவிர ஒன்றும் இருக்காது. அன்று ஜெயிக்கிறவருக்கு ஒரு எவர்சில்வர் தூக்கு. அது ஒரு வருடம் அவர் வீட்டில் இருக்கும். பாத்திரக்கடையில் கொடுத்து அதில் அவர் பெயரையும் வெட்டுவார்கள். சென்ற வருடமும் அதற்கு முந்தைய வருடமும் வெட்டியது 'நிர்மலாதேவி'. அவர் வீட்டுப் பாத்திரங்களிலெல்லாம் அப்பாவின் பெயர்தான் இருக்கிறது. இவர் கல்யாணத்துக்கென்று வாங்கியவை பெயர் வெட்டாமலே அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. ஆகவே தூக்கைத் துலக்கும்போது மட்டும் சாம்பலைப் பெயரின் மேல் படாமல் சுற்றித் தேய்ப்பார்.

அந்த இரண்டு வெற்றிக்கும் காரணம் நாரை என்பது மூவருக்கும் தெரியும். செருப்புப் பெட்டியிலிருந்து வந்த சீட்டு. ஒற்றைக் காலில் நிற்கும் சாம்பல் நிற நாரை. இறங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும், செத்துக் குப்பையில் கிடக்கும் சீட்டு ஒன்றைத் திரும்பக் கைக்குக் கொண்டுவரும். பெட்டியில் அது ஒன்றே ஒன்றுதான் இருந்தது. ஆதமும் அதுபோல் இன்னொன்று கிடைக்குமா என்று ஒவ்வொரு பொதியிலும் தேடிக்கொண்டிருந்தார்.

இந்த வருட இறுதி ஆட்டம் மருதப்பனுக்கும் நிர்மலாதேவிக்கும். மருதப்பன் தூக்கைத் தொட்டதே இல்லை. இந்தத் தடவை அதில்தான் சோறு கொண்டுபோவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்திருந்தார். தபசுக்கு ஊருக்கு வந்திருந்த விஜயராஜ், இந்தக் குப்பைச் சீட்டை வைத்து அக்கா என்னதான் செய்கிறாள் என்று பார்க்க, மிக்சர் பொட்டலத்தோடு வாசற்படியில் உட்கார்ந்திருந்தான்.

மருதப்பன் நன்றாகவே ஆடினார். நிர்மலாதேவியின் தட்டில் ஹூக்குகள் குறைந்துகொண்டே வந்தன. அடுத்த சீட்டை எடுத்ததும் நிர்மலாதேவி உதட்டிலிருந்து ஊசியை எடுத்துப் பஞ்சில் குத்தினார்.

"வந்துட்டுய்யா" என்றார் மருதப்பன், சீட்டைப் பார்க்காமலே.

நாரை மேசையில் இறங்கியது. படியிலிருந்து எட்டிப் பார்த்த விஜயராஜ் மிக்சரை அப்படியே வைத்துவிட்டு எழுந்து வந்தான்.

"ஏக்கா, இது எங்கன கிடந்துச்சு?"

"நீ போட்டுட்டுப் போன பெட்டியிலதாம்ல."

விஜயராஜ் செல்போனில் எதையோ தேடி எடுத்து, நாரைக்குப் பக்கத்தில் வைத்தான். அதே சீட்டு, அதே ஒற்றைக் கால். முத்திரை மட்டும் தங்கம். விடுதியில் இந்தச் சீட்டைக் காணாமல் போக்கிவிட்டுக் கூடப் படித்த ப்ரவீன்தான் எடுத்தான் என்று சண்டை போட்டதையும், அவனோடு இன்றுவரை பேசுவதில்லை என்பதையும் அவன் சொன்னபோது ஒருவரும் சிரிக்கவில்லை. ஆதம் ஓடிப்போய்த் தன் கடையிலிருந்து செல்போன் பழுது பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் மாட்டிக்கொண்டு வந்தார். நாரையை உறையிலிருந்து உருவி, விளக்குக்கு நேரே பிடித்து, நெடுநேரம் பார்த்தார்.

"ஓரத்துல நூல் மாதிரி தங்கம் ஒட்டிட்டு நிக்கிக்கா. மத்ததெல்லாம் சூட்டுல உரிஞ்சு போச்சு."

 முதலில் பேசியவர், நாரை இறங்கியதால் தோற்கவிருந்த மருதப்பன். உரிந்தால் என்ன, இப்போது கறுப்பாகத்தானே இருக்கிறது, கறுப்பு என்றால் கறுப்புதான் என்று வாதாடினார். நாரை இல்லாமல் ஜெயித்தால் ஊரில் தன்னை என்ன சொல்வார்கள் என்று கவலைப்பட்டார். ஆதமும் அவர் பக்கமே பேசினார். இரண்டு வருடமாகக் கறுப்பென்று நம்பி ஆடிய சீட்டு. தெரியாமல் செய்ததில் குற்றம் என்ன? எல்லோரும் நிர்மலாதேவியைப் பார்த்தோம். அவர், ஆட்டத்துக்கென்று வீட்டிலிருந்து கொண்டுவந்து அலமாரியின் மேல் தட்டில் வைத்திருந்த தூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு நாரையை எடுத்தார். தையல் மிஷினில் நூல்கண்டு நிற்கும் கம்பியில் அதைச் சாய்த்து, ஆட்டத்தைப் பார்ப்பதுபோல் மேசைப் பக்கம் திருப்பி வைத்தார்.

"பட்டுச் சேலை சாயம் போனா நூல் சேலை ஆயிருமா அண்ணாச்சி? கலைச்சுப் போடுங்க. மொதல்ல இருந்து ஆடுவோம்."

நாரையின் இடத்துக்கு ஒரு சீட்டு வேண்டும். செருப்புப் பெட்டியைக் கவிழ்த்துக் கைவிட்டுத் துழாவியவரின் முகத்தில் நான் வருத்தத்தை எதிர்பார்த்தேன். தீபாவளிக்குத் துணி எடுக்கிற பெண்ணின் முகம்தான் இருந்தது. கடைசியில் அவர் எடுத்தது ஒரு நத்தை. யாரையும் அடிக்காது, எதிரே வருகிறவரை மறித்துக்கொண்டு நிற்கும், அவ்வளவுதான்.

"இது என்னத்தைச் செய்யும்?" என்று கேட்டான் விஜயராஜ்.

"நிக்கும்" என்றார் நிர்மலாதேவி.

நின்றது. மருதப்பனின் செக்கர் வரும்போதெல்லாம் நத்தை குறுக்கே நின்றது. ஒவ்வொரு தடவையும் "டிக்கெட் எடுத்தாச்சு, எடுத்தாச்சு" என்று நத்தைக்காக நிர்மலாதேவியே பதில் சொன்னார். ஆதம் சிரித்துச் சிரித்து மேசையில் தலையை வைத்துக்கொண்டார். விஜயராஜ் படிக்குத் திரும்பிப் போகவே இல்லை. எந்தச் சீட்டை இறக்க வேண்டும் என்று அக்காவின் காதில் ஓதி, "சும்மா கெடல" என்று அதட்டு வாங்கினான். இரு தட்டிலும் தலா ஒரு ஹூக்கு மிஞ்சியபோது மருதப்பன் ஈபிக்காரரை இறக்கினார். மின்னல் நத்தைக்கு மேலாகப் பாய்ந்து போகும். நிர்மலாதேவி தன் தட்டின் கடைசி ஹூக்கைத் தானே எடுத்து டப்பாவில் போட்டார்.

மருதப்பன் எழுந்து வெளியே போனார். சற்று நேரத்தில் சந்து முனையிலிருந்து மினிபஸ்ஸின் காற்று ஹாரன் நீளமாக ஒலித்தது. தறிக்கூடத்து ஆட்கள் என்னவோ ஏதோவென்று வெளியே வந்து பார்த்தார்கள். நிர்மலாதேவி மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். உதட்டில் ஊசி இல்லாத அவர் சிரிப்பை அன்றுதான் முழுதாகப் பார்த்தேன். கடை வாசலில் விஜயராஜ் யாருக்கோ போன் செய்து, "எலே ப்ரவீன், வச்சிராத, வச்சிராத" என்று கெஞ்சிக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் நிர்மலாதேவி தூக்கைப் பாத்திரக்கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். பெயர் வெட்டும் மிஷினோடு உட்கார்ந்திருந்த கணேசன் அண்ணாச்சி 'மருதப்பன்' என்று புள்ளி புள்ளியாக வெட்டி, தூக்கைத் துடைத்து நீட்டினார். நிர்மலாதேவி அதை வாங்காமல், மேலே இருந்த தன் பெயர்கள் தெரியும்படி திருப்பி வைத்தார்.

"இது ரெண்டுக்கும் பக்கத்துல ஒரு நாரை போடணும் அண்ணாச்சி. அது ஜெயிச்சதுதான்."

பூப் போட்டிருக்கிறேன், மாங்காய் போட்டிருக்கிறேன், நாரையெல்லாம் போட்டதில்லையே என்று அவர் தலையைச் சொறிந்தார். நிர்மலாதேவி பணப்பையைத் திறந்து சீட்டை எடுத்தார். மடங்கியிருந்த முனையைக் கட்டைவிரலால் ஒருமுறை நீவிவிட்டு, அவர் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டார்.

"ஒத்தக் கால்தான். இன்னொண்ணைப் போட்டுராதீங்க."

மிஷின் ஓடத் தொடங்கியது. அது நிற்கும்வரை சீட்டைப் பிடித்த கையை அவர் இறக்கவில்லை.