ரகுபதி பிடுங்கிய ஒயர்

ரகுபதியைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நான் பார்த்ததில்லை. திருவொற்றியூரிலிருந்து மணலி போகும் சாலையில், துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்கு எடை போடுவது எங்கள் வேலை. அவர் கம்ப்யூட்டரைப் பார்ப்பார், நான் ரசீது கிழிப்பேன். ஒவ்வொரு எடையையும் மூன்று முறை வாய்விட்டுப் படித்துவிட்டு, சரியாக இருக்கிறதா என்று என்னையும் பார்க்கச் சொல்வார். உங்களுக்குக் கண் இல்லையா என்று எரிந்து விழுவேன். அப்படிப்பட்ட மனிதர் ஒரு நாள், எடை மேடையிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் ஒயரை அரை மணி நேரம் பிடுங்கப் போகிறேன் என்றார். பதினொரு வருடமாக யாரும் தொடாத ஒயர். முதலாளிக்குத் தெரிந்தால் இரண்டு பேருக்கும் சீட்டுக் கிழிந்துவிடும்.

காரணம் அவர் மகன் நிதிஷ். இருபத்திரண்டு வயது, பேச்சு வராது. ரகுபதி எண்ணூர் குப்பத்துக்காரர், விசைப்படகில் போய்க்கொண்டிருந்தவர். கடலுக்குப் போனால் திரும்ப எட்டு நாள் ஆகும், அந்த எட்டு நாளும் பையனுக்குச் சோறு இறங்காது. அதற்காகவே கடலை விட்டுவிட்டு லாரிக்கு எடை போட வந்தார். தினமும் காலையில் கிளம்பும்போது தன் நெஞ்சைத் தட்டி, "நைனா சொல்லு" என்பாராம். இருபது வருடமாக. அவன் அவர் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு நிற்பானாம்.

நிதிஷுக்கு எல்லாமே ஒரு பழைய வீடியோ கேம்தான். உள்ளங்கையில் வைத்து ஆடுவது, பர்மா பஜாரில் வாங்கியது. வயல், மாடு, கோழி என்று ஒரு பண்ணை விளையாட்டு. ஒன்பது வருடமாக அதே பண்ணை. அணைக்கச் சொன்னால் உடனே அணைக்க மாட்டான், இரண்டு நிமிடம் எதையோ செய்துவிட்டுத்தான் அணைப்பான். ஒரு தடவை ரகுபதி பொறுமை இழந்து, பிடுங்கி அணைத்துவிட்டார். அன்றைக்கு அவன் அழுத அழுகையை இன்றும் சொல்லிச் சொல்லி வருத்தப்படுவார்.

போன மாதம் அவனுடைய கார் பந்தய கேசட் ஒன்று போய்விட்டது. கேசட்டுக்குள்ளே பொத்தான் அளவில் பேட்டரி உண்டு. அது செத்தால் ஆடிச் சேர்த்ததெல்லாம் அழிந்துவிடும். நான்கு நாள் நிதிஷ் கையைக் கடித்துக்கொண்டே கிடந்தான். அது வெறும் கார். பண்ணையும் போனால்? ரகுபதி ராயபுரத்தில் செல்போன் ரிப்பேர் செய்யும் முதஸ்ஸிரிடம் ஓடினார். அவன் அளந்து பார்த்துவிட்டு, பண்ணையின் பேட்டரியும் சாகக் கிடக்கிறது என்றான். மாற்றலாம், ஆனால் கழற்றிய நொடியே பண்ணை காலி. முதலில் அதைக் கம்ப்யூட்டரில் நகல் எடுக்க வேண்டும். ஒயர்கூட அவனே செய்துவிட்டான். சொருகத்தான் இடமில்லை. ஒன்பது ஊசி வைத்த சீரியல் போர்ட் இப்போதைய கம்ப்யூட்டர்களில் கிடையாது. எங்கள் கிழட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்றே ஒன்று இருக்கிறது. எடை மேடையின் ஒயர் அதில்தான் சொருகியிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் லாரி குறைவு. முதஸ்ஸிர் வந்தான். நிதிஷையும் கூட்டி வந்திருந்தார்கள், அவன் கையிலிருந்து கேமை வாங்க முடியாதே. ரகுபதி ஒவ்வொரு விரலாகத் தடவித் தடவிப் பிரித்து வாங்கினார்.

ஒயரைப் பிடுங்கினார். முதஸ்ஸிர் தன் ஒயரைச் சொருகி, இரண்டு பொத்தானை அழுத்திக்கொண்டே கேமை உயிர்ப்பித்தான். நான்கு நிமிடத்தில் நகல் முடிந்தது என்று திரையில் வந்தது. அதற்குள் ஒரு லாரி மேடையில் ஏறி ஹாரன் அடிக்க, கரண்ட் ரிப்பேர் என்று டிரைவரிடம் கூசாமல் பொய் சொன்னேன். முதஸ்ஸிர் பேட்டரியைக் கழற்றக் கேசட்டைப் பிரித்தான்.

"இருப்பா. இன்னா வந்துகீதுன்னு பாக்காமயே கழட்டுவியா?" என்றேன்.

திறந்து பார்த்தோம். பக்கம் பக்கமாக ஒரே எழுத்துதான் திரும்பத் திரும்ப. பண்ணையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ரகுபதி சுவரைப் பிடித்துக்கொண்டார். நிதிஷ் கையைக் கடிக்க ஆரம்பித்தான்.

முதஸ்ஸிர் கேசட்டின் பித்தளைப் பல்லைப் பார்த்தான். பச்சை பூத்திருந்தது. "உப்புக் காத்து மாமு. உள்ள பண்ண கீது, ஒயருக்குத்தான் தெர்ல" என்றான். ரப்பரால் தேய்த்துவிட்டு மறுபடியும் நகல் எடுத்தான். வெளியே இப்போது மூன்று லாரி. அந்த நான்கு நிமிடம் நான் மாதாவைக் கூப்பிட்டதுபோல் என் பிரசவத்தில்கூடக் கூப்பிட்டதில்லை.

இந்த முறை திறந்தால் தாறுமாறாகப் பல எழுத்துகள். சரியாக வந்திருந்தால் நடுவில் ஏதாவது பெயர் தெரியும், அவன் வைத்த பெயர் என்றான் முதஸ்ஸிர். நான் விரல் வைத்துத் தேடினேன். ஓரிடத்தில் ஐந்து இங்கிலீஷ் எழுத்து சேர்ந்தாற்போல் இருந்தது. என், ஏ, ஐ, என், ஏ.

"நைனா" என்று படித்தேன்.

ரகுபதி என்னை இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தேன்.

முதஸ்ஸிர் புது பேட்டரியைப் பற்றவைத்து, நகலைத் திரும்ப உள்ளே அனுப்பி, கேமை நிதிஷிடம் கொடுத்தான். பண்ணை வந்தது. அதில் மழை பெய்துகொண்டிருந்தது. வீட்டு வாசலில் ஒரு நாய் நின்றது. நிதிஷ் அதன் பக்கம் போய் ஒரு பொத்தானை அழுத்தினான். அந்த ஐந்து எழுத்தும் நாயின் தலைக்கு மேலே வந்தது.

"நாய்க்கு வெச்சிகிறான் மாமு உன் பேர" என்று முதஸ்ஸிர் சிரித்தான். நானும் சிரித்தேன். நிதிஷ் நாயைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய், கட்டில் பக்கத்தில் இறக்கிவிட்டு, கேமை அணைத்தான்.

ரகுபதி மட்டும் சிரிக்கவில்லை. "தெனிக்கும் இத்தத்தான் செஞ்சிகினு இருந்திருக்கான் ஐரீன்மா. அன்னிக்கி நான் புடுங்கி அமுத்திட்டேன். நைனா வெளிய நனைஞ்சிகினு கீதுன்னுதான் அழுதிருக்கான்" என்றார்.

ஒயரைத் திரும்பச் சொருகினோம். முதல் லாரி மேடையில் ஏறியது. அவர் எடையை ஒரு முறைகூடப் படிக்கவில்லை. எனக்குத்தான் கண் சரியாகத் தெரியாமல், மூன்று முறை படித்து ரசீது எழுதினேன்.