மாமியின் கேசட்

மாமியார் தன் மகனுக்குப் பேசித் தந்த கேசட்டை நான் அனுப்பவில்லை. முப்பது வருடம் ஒளித்து வைத்திருந்தேன். போன வாரம் அதைப் பழைய சாமான்காரனின் மூட்டையில் போட்டுவிட்டேன்.

சொல்லிவிட்டேன்! இனி நீங்கள் என்னைத் திட்டினாலும் சரி.

சென்னையிலிருக்கும் என் மகன் எங்களைத் தன்னோடு வரச் சொன்னான். "ரெண்டே ரூமுதாம்மா. பாதி சாமானக் கழிச்சிட்டு வாங்க" என்றான். எங்கள் மரக்காணத்து உப்புக்காற்று தின்றது போக மீதியைக் கழிக்க என் வீட்டுக்காரர் விடவில்லை. பல வருடம் சவூதியில் இருந்த மனிதர்... அரபு எழுத்துப் போட்ட காலி பால்பவுடர் டப்பாவைக்கூடக் கட்டிக்கொண்டு அழுவார்! நான்தான் ஈவிரக்கமில்லாமல் வாரி எறிந்தேன். அக்கம்பக்கத்தில் மெச்சினார்கள். என் அவசரம் எனக்கல்லவா தெரியும்? கேசட்டை ஒளித்து வைத்திருந்த டிரங்குப் பெட்டி மருமகள் கைக்குப் போய்விடக் கூடாது.

அந்தக் காலத்தில் சவூதிக்குப் போகிறவர்களிடம் கேசட் கொடுத்தனுப்புவோம். எழுதத் தெரியாத மாமி அதில்தான் மகனோடு பேசுவார். அன்று படுத்த படுக்கையாகக் கிடந்து பேசினார். பட்டனை அழுத்தியவள் நான்.

"சம்பாரிச்சது போதும்ப்பா. ஒரு தடவ வந்து மூஞ்சியக் காட்டிட்டுப் போ. ஒன்னப் பாக்காம எனக்குக் கண்ணு மூடாது."

வீட்டுக்குச் சுவர் எழும்பித் தளம் போடாத நேரம். இதைக் கேட்டால் என் வீட்டுக்காரர் வேலையை உதறிவிட்டு ஓடி வந்துவிடுவார். தளம் போட்டதும் அனுப்பலாம் என்றுதான் நினைத்தேன்... அல்லாஹ் அறிவான், அவ்வளவுதான் நினைத்தேன்! ஒழுகுகிற கொட்டகையில் மூன்று மழைக்காலம் பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு விழித்திருந்தவள் நான். சொந்தக் கூரைக்கு ஆசைப்பட்டது தப்பா?

தப்புதான். இரண்டே மாதத்தில் மாமி மவுத்தாகிவிட்டார். இவர் வந்து கபுரின் மண்மேட்டைத்தான் பார்த்தார்.

நேற்று அவர் பழைய டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துப் பேட்டரி போட்டார். ஓடியது!

"ஏம்மா, எங்கம்மா பேசினது ஒண்ணுகூடவா இல்ல?"

"அவங்க பேசின கேசட்டுலயேதான நீங்க திருப்பிப் பேசி அனுப்பினீங்க. எல்லாம் அழிஞ்சி போச்சிங்க."

பழியை அவர் தலையிலேயே போட்டேன், பார்த்தீர்களா!

கொஞ்சம் பொறுத்து, முப்பது வருடமாகக் கேட்கிற அதே கேள்வி: "கடசி நாள்லகூட அம்மா என்னைக் கேக்கவே இல்லியா?"

"இல்லீங்க. நெனவில்லாமதான கெடந்தாங்க."

அவர் மனம் நோகக் கூடாதென்றுதான் முதன்முதலில் இப்படிச் சொன்னேனாம்... எனக்கு நானே சொல்லிக்கொள்வது. பெற்றவள் தன்னைத் தேடவே இல்லையே என்று இத்தனை வருடமாக அந்த மனிதர் உள்ளுக்குள் புழுங்குகிறார். அதை ஆற்ற அந்த ஒரு கேசட் போதுமே! இப்போது வாய் திறந்தாலும் மாமியின் வார்த்தையை என் குரலில்தான் சொல்ல வேண்டும். யார் நம்புவார்?

"எம்மேல கோவம்மா அவங்களுக்கு. அதான் கேக்கல" என்றார்.

எழுந்து போய், டேப்ரெக்கார்டரைத் தன் கையாலேயே கழிக்கிற சாமான்களோடு வைத்துவிட்டு வந்தார்.