நூல் கட்டிய வௌவால்

காற்றாலையில் அவளைப் பொறுக்கி என்றுதான் கூப்பிட்டார்கள். கோபுரங்களின் அடியில் செத்து விழும் வௌவால்களையும் பறவைகளையும் பொறுக்கிப் பையில் போடுவது அவள் வேலை. "பொறுக்கி வந்தாச்சு" என்று காவலாளி கதவைத் திறப்பார். "பொறுக்கிக்குக் கதவைத் திறந்துவிடுற காவலாளியை உலகத்துலயே இங்கதாண்ணே பாக்கிறேன்" என்று அவளும் விடமாட்டாள்.

அதற்கு முன் ஆடைத் தொழிற்சாலையில் நூல் பிசிறு வெட்டியவள். இந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து மாமியார், "கையைக் கழுவிட்டு வா. வேணாம், குளிச்சிட்டே வா" என்று வாசலிலேயே நிறுத்திவிடுவார்.

ஒன்று மட்டும் அவளுக்குப் பழகவில்லை. பறவை என்றால் சிறகு ஒடிந்திருக்கும், புரியும். வௌவால்கள் பலவற்றில் காயமே இருக்காது. சுழலும் இறக்கையின் அருகே காற்றழுத்தம் சட்டென்று இறங்கி, நுரையீரல் உள்ளேயே வெடித்துவிடும் என்கிறார்கள். வெளியே பார்த்தால் தூக்கம் போலத்தான் இருக்கும். அவள் தேடிக்கொண்டிருக்கையில் இறக்கைகளின் நிழல் அவளை மிதித்து மிதித்துப் போகும். நிழலுக்கு எடையில்லை, இருந்தும் முதுகு தானாகக் குனியும்.

அன்று காலை அவளுக்கே சோதனை. ஆய்வுக் குழு மேற்பார்வையாளர், இவளைவிட இளையவள், செத்த வௌவால்களின் காலில் சிவப்பு நூல் கட்டி ஆங்காங்கே போட்டுவைத்திருந்தாள். பாதியையாவது இவள் கண்டெடுத்தால்தான் இதுவரை இவள் கொடுத்த கணக்கை நம்புவார்கள். நம்பினால், காற்று மெல்ல வீசும் அந்திகளில், வௌவால்கள் மிகுதியாகப் பறக்கும் நேரத்தில், இறக்கைகளை நிறுத்திவைக்க நிறுவனம் ஒப்புக்கொண்டிருந்தது. தவறினால் அடுத்த ஆண்டுதான் பேச்சு.

வெயில் ஏறியபோது அந்தப் பாதிக்கு இன்னும் ஒன்றுதான் குறைந்தது. கடைசிக் கோபுரத்தடியில், புல்லின் நிழலுக்குள் அது கிடந்தது. உள்ளங்கையில் எடுத்தாள். சில்லென்றிருந்தது. பையைத் திறந்தபோது அதன் காது அசைந்தது. காற்றாக இருக்கும் என்று முதுகைத் திருப்பிக் காற்றை மறைத்துக்கொண்டாள். மறுபடி அசைந்தது. பிறகு அந்தச் செத்த வௌவால் ஊசிப் பற்கள் தெரிய வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் எதையோ சொன்னது.

பையில் போட்டு முடிச்சிட்டால் தேறிவிடலாம். யாரும் திறந்து பார்க்கப்போவதில்லை. ஆனால் நூல் இறுகி அந்தக் கால் வீங்கியிருந்தது. முகத்தருகே கொண்டுபோய், தொழிற்சாலைப் பழக்கத்தில், பல்லால் நூலைக் கடித்தாள். நூல் விட்டதும் கை காலியாக இருந்தது.

அலுவலகத்தில் நூலை மட்டும் மேசைமேல் வைத்தாள்.

"வௌவால் எங்கக்கா?"

"பறந்துடுச்சு."

"செத்தது எப்படிக்கா பறக்கும்?"

"அதைத்தான் நானும் கேக்கிறேன். எங்கேருந்து எடுத்தீங்க?"

"நேத்து சாயங்காலம், ரோட்டோரக் கோபுரத்தடியில. ராத்திரி ஃப்ரிட்ஜ்ல..." மேற்பார்வையாளர் பாதியில் நிறுத்தினாள். குளிரில் வௌவால் மூச்சை அடக்கிக்கொண்டு பிணம்போலக் கிடக்கும் என்பது இருவருக்கும் தெரிந்ததுதான்.

"அப்ப இத்தனை மாசமா நான் கட்டிக் குடுத்த பையெல்லாம்?"

மூலையில், அந்தப் பைகளை அடுக்கிவைத்த உறைபெட்டி மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. இருவரும் அந்தப் பக்கம் பார்க்கவில்லை.

"அதை இப்பக் கேக்காதீங்கக்கா." மேற்பார்வையாளர் பதிவேட்டைத் திறந்தாள். "நான் உங்களை நம்பறேன். ஆனா உயிரோட இருந்ததை வெச்சுட்டேன்னு எழுதினா சோதனையே செல்லாது. எழுதலைன்னா, வெறும் நூல் கணக்குல வராது, நீங்க தேறலை."

"ரெண்டுலயும் இறக்கை நிக்கப்போறதில்ல. நடந்ததையே எழுதுங்க."

எழுதினாள்.

அன்று அந்தியில் காற்று மெல்லத்தான் வீசியது. பேருந்துக்காக இருவரும் வாயிலில் நின்றிருந்தார்கள். மரங்களிலிருந்து வௌவால்கள் கிளம்பி, கோபுரத்தையும் மரமென்று எண்ணினவோ என்னவோ, நேரே அதை நோக்கிப் போயின.

"அது இதுல இருக்குமாக்கா?"

"இருக்கலாம்."

ஒன்று கூட்டத்தை விட்டுப் பிரிந்து இறக்கைகளின் வீச்சுக்குள் நுழைந்தது. அது மறுபக்கம் வெளியே வருவதற்காக அவள் பார்த்துக்கொண்டே இருந்தாள்.