முதுகு காட்டி நின்றவர்

தலைமைச் செயலகத்தின் லிப்ட்காரர் பத்தொன்பது வருடம் ஒரே ஒரு ஆளுக்கு முதுகு காட்டியே பிழைத்தார். ஒன்பது மாடிக் கட்டடம், லிப்ட் இரண்டு. ஒன்று ஊருக்கு. அது மாதத்தில் பாதி நாள் ஓடாது. மற்றொன்று நிரந்தரத் தலைவருக்கு. தனக்குத் தானே சூட்டிக்கொண்ட பட்டம் அது, கூச்சநாச்சமே இல்லாமல். அந்த இரண்டாவது லிப்ட்டை ஓட்டியவர்தான் நம்மாள்.

தலைவர் உள்ளே வந்ததும் லிப்ட்காரர் பட்டன் பலகைப் பக்கம் திரும்பிக்கொள்ள வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது, பேசக் கூடாது, ஸ்டூலில் உட்காரக் கூடாது, இருமல் வந்தால் விழுங்கிக்கொள்ள வேண்டும். சுவரில் இருந்த கண்ணாடியையும் கழற்றி எடுத்துப் போய்விட்டார்கள். நாட்டில் மூலைமுடுக்கெல்லாம் அந்த மூஞ்சி படமாகத் தொங்கியது. தினம் நாலு தடவை அதே ஆளோடு ஒரே பெட்டிக்குள் ஏறி இறங்கியவருக்கோ, தலையைக் குனிந்தால் தெரிகிற இரண்டு ஷூக்கள்தான் பரிச்சயம். பழுப்பு நிறம், இடது குதிகால் ஒருபக்கமாகத் தேய்ந்திருக்கும்.

இதில் அவருக்குப் பெருமை வேறு! "நான் பட்டனை அமுக்கலேன்னா அவரு எப்படிங்க மேல போவாரு?" என்று தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேட்பார். தெருக்காரர்களும் பல்லிளித்துத் தலையாட்டுவார்கள். தலையாட்டாவிட்டால் என்ன ஆகும் என்று அவர்களுக்கும் தெரியும்.

வீட்டில் மட்டும் இந்தப் பவிசு எடுபடவில்லை. மனைவியின் ஒரே தம்பி பஸ் கண்டக்டர். தலைவரின் கார்கள் போவதற்காக ஒருநாள் அவனுடைய பஸ்ஸை ஒன்றரை மணி நேரம் வெயிலில் நிறுத்திவைத்தார்கள். "இந்த ஆளு வீட்டுக்குப் போறதுக்கு நாம யாரும் வீட்டுக்குப் போகக் கூடாதா?" என்று பயணிகள் முன்னால் கேட்டுவிட்டான். பஸ்ஸில் இருந்த எந்தப் புண்ணியவானோ போய் வத்திவைத்தான். மறுநாள் விடிந்ததும் இரண்டு பேர் வந்து கூட்டிப்போனார்கள். அதற்குப் பிறகு ஆள் எங்கே என்று இரண்டு வருடமாகத் தகவல் இல்லை. எந்தச் சிறையிலும் அப்படி ஒருவன் இல்லை என்றே பதில் வந்தது.

"தினம் அவரு கூடத்தானே நிக்கிறீங்க. என் தம்பி எங்கன்னு ஒரு வார்த்தை கேளுங்க," என்பாள் மனைவி.

"வாயத் தொறந்தா நானும் உள்ள போயிடுவேன்."

"போனா அங்க அவனைப் பாக்கலாம்ல."

கேட்கக் கூடாது என்றில்லை அவருக்கு. இன்று கேட்கலாம், நாளைக்குக் கேட்கலாம் என்று தினமும் தொண்டை வரைக்கும் வரும். பழுப்பு ஷூவைப் பார்த்ததும் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஒரு கேள்வி கேட்கத் துப்பில்லாதவர் என்று அவள் சொன்னதில்லை. சொல்லாமலே அவருக்குத் தெரிந்தது.

அந்த நாள் வந்தது. காலையிலிருந்து ஊரே செயலகத்து மதில் சுவரை முட்டிக்கொண்டு நின்றது. உச்சிப்பொழுதுக்குள் காவலர்கள் சீருடையைக் கழற்றிக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு ஓடினார்கள். உயிரைக் கொடுப்போம் என்று மேடைக்கு மேடை முழங்கிய மந்திரிகள் அதற்கு முன்பே கம்பி நீட்டியிருந்தார்கள். லிப்ட்காரர் மட்டும் லிப்ட்டில் நின்றார். போகச் சொல்லி யாரும் உத்தரவு கொடுக்கவில்லையே, பாவம்.

ஒன்பதாவது மாடியில் ஒரு பியூன் ஓட்டமாக வந்து ஏறினான். அழுக்குச் சட்டை, தலையில் துண்டு. "கீழ போ," என்றான். லிப்ட்காரர் பழக்கதோஷத்தில் குனிந்தார். பழுப்பு ஷூ! சட்டையை மாற்றத் தெரிந்த மகாபுத்திசாலிக்கு ஷூவை மாற்றத் தோன்றவில்லை.

ஐந்தாவது மாடிக்கும் நாலாவதுக்கும் நடுவில் மின்சாரம் போய், லிப்ட் நின்றது. மேலே ஒரு சின்ன அவசர விளக்கு மட்டும் மினுக்கியது.

"ஏய், என்னடா ஆச்சு? கதவைத் திற."

கதவைத் திறக்கும் சாவி லிப்ட்காரரின் இடுப்பில் இருந்தது. திறந்தால் நாலாவது மாடிக்குக் குதித்துவிடலாம். பின்படி வழியாகத் தப்பவும் செய்யலாம். அவர் சாவியைத் தொட்டார். பிறகு, பத்தொன்பது வருடத்தில் முதல்முறையாகத் திரும்பினார். படத்தில் பார்த்த மூஞ்சிதான். ஆனால் தாடை தொங்கி, வியர்த்து வழிந்து, சந்தையில் விலைபோகாத பரங்கிக்காய் மாதிரி இருந்தது. சே, இதற்கா இத்தனை நாள் நடுங்கினோம் என்று அவருக்குத் தோன்றியது.

மைத்துனனின் பெயரைச் சொன்னார். ஊர், பஸ் நம்பர், பிடித்துப்போன தேதி எல்லாம் சொன்னார். "அவன் எங்க இருக்கான்? சொன்னாத் தொறக்குறேன்."

"தம்பி, அதெல்லாம் ஆபீஸ்ல பாத்துக்குவாங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

"அப்ப இங்கேயே இருப்போம்."

கீழே கூச்சல் மாடிப்படி ஏறத் தொடங்கியது. தலைவருக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. "ஆமாண்ணே, அந்தக் கண்டக்டர் பையன். வடக்குக் கேம்ப்ல இருக்கான். நல்லா இருக்கான்."

உயிரோடு இருக்கிறான்! லிப்ட்காரரின் கை தானாகச் சாவியை எடுத்துக் கதவில் நுழைத்தது. திருப்பப் போனவர் ஒரு கணம் நின்றார்.

"கால் வீக்கம் வடிஞ்சிருச்சா அவனுக்கு?"

"சுத்தமா வடிஞ்சிருச்சுண்ணே. நானே டாக்டரை அனுப்பி வச்சேன்."

மைத்துனனுக்கு எந்தக் காலத்திலும் கால் வீங்கியதில்லை. தலைக்கு மேல் வெள்ளம் போகும்போதும் இந்த ஜென்மத்துக்கு ஒரு உண்மை வாயில் வரவில்லை. ஏய், தம்பியாகி, அண்ணனாகி, அதற்குள் "ஐயா, சாமி" வரைக்கும் வந்துவிட்டது. லிப்ட்காரர் சாவியை உருவிப் பைக்குள் போட்டார். ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஜனங்கள் வந்து கடப்பாரையால் கதவை நெம்பும்வரை அந்த ஆள் அழுததை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் கேட்கவா வேண்டும்! கொடுங்கோலனைப் பெட்டிக்குள் பூட்டிய மாவீரன் என்று அவரைத் தோளில் தூக்கிக்கொண்டார்கள். நேற்றுவரை தலைவருக்குக் கைதட்டிய அதே கைகள் இவருக்கும் சளைக்காமல் தட்டின. வீடுவரை ஊர்வலம். பத்திரிகைக்காரர்கள் வாசலை அடைத்துக்கொண்டு நின்றார்கள்.

மனைவி கதவைச் சாத்திவிட்டு வந்தாள். "கேட்டீங்களா?"

"கேட்டேன். அவனுக்கு ஒண்ணும் தெரியல. வாய்க்கு வந்த பொய்யச் சொன்னான்."

"எப்பக் கேட்டீங்க?"

"இன்னைக்குத்தான். லிப்ட் நின்னதுக்கு அப்புறம்."

அவள் குரலை உயர்த்தவில்லை. "கூட்டிட்டுப் போன மறுநாளே கேட்டிருந்தா அந்த ஆளுக்கு ஞாபகம் இருந்திருக்கும்," என்றாள்.

சிறைகளைத் திறக்கிறார்கள் என்று தெருவில் யாரோ கத்திக்கொண்டு போனார்கள். அவள் பெட்டியிலிருந்து தம்பியின் போட்டோவை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவரும் அவசரமாகச் செருப்பைத் தேடினார்.

"நீங்க வர வேண்டாம்," என்றாள். "உங்களப் பாக்க வெளிய ஆளுங்க காத்திருக்காங்க."